தோற்ற அணியின் ஏப்ரல்: குவாட்டர்பேக்கை எடுப்பதா, இடத்தை விற்றுப் பின்னிறங்குவதா?

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பருவத்தின் 17 ஆட்டங்களுள் மூன்றையோ நான்கையோ மட்டும் வென்று கடைசி வரிசையில் நின்றுவிட்ட அணிக்கு, அந்தத் தோல்வியோடு ஒரு சொத்தும் வந்து சேர்கிறது. ஏப்ரல் இறுதியில் நடக்கும் டிராஃப்டில், கல்லூரியிலிருந்து வரும் வீரர்களுள் தனக்கு வேண்டியவரை ஏனைய அணிகளுக்கு முன்னால் எடுத்துக்கொள்ளும் உரிமைதான் அந்தச் சொத்து. அதைக் கொண்டு ஒரு குவாட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரரை, எடுப்பதா, அல்லது குவாட்டர்பேக்குக்காகத் தவித்துக்கொண்டிருக்கும் வேறோர் அணிக்கு அந்த இடத்தைக் கொடுத்து, ஈடாகப் பல தேர்வுரிமைகளைப் பெற்றுக்கொண்டு பின்னிறங்குவதா என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. ரசிகர்கள் பெரும்பாலும் ஒரு வீரர்மேல் கொண்ட விருப்பத்தையோ வெறுப்பையோ வைத்தே இதற்கு விடை சொல்கிறார்கள். உங்கள் அணி இந்த நிலைக்கு வரும்போது எவற்றை எந்த வரிசையில் பார்த்து முடிவெடுக்கலாம் என்பதை, உண்மையாக நடந்த பரிமாற்றங்களைக் கொண்டு இங்கே விளக்க முயல்கிறேன்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். என்எஃப்எல் என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து அமைப்பில் 32 அணிகள் உள்ளன. டிராஃப்டில் ஏழு சுற்றுகள் உள்ளன. முந்திய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணி ஒவ்வொரு சுற்றிலும் முதலில் நிற்கும். ஐபிஎல் ஏலத்தைப் போல இங்கே பணத்தைக் கூட்டிக்கொண்டே போய் ஒரு வீரரை வாங்க முடியாது. முன்னால் இருப்பவர் எடுத்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால் வரிசையில் உள்ள இடத்தையே இன்னோர் அணியோடு மாற்றிக்கொள்ளலாம். இந்த ஆண்டின் இடங்களை மட்டுமன்றி, வரும் ஆண்டுகளின் இடங்களையும் விலையாகக் கொடுக்கலாம். முன்னிடத்தைக் கொடுத்துப் பின்னால் போவதையே ரசிகர்கள் ‘டிரேட் டவுன்’ என்கிறார்கள்.

வீரரை முதலில் எடைபோடுங்கள், இடத்தைப் பிறகு பாருங்கள்

முதலில் செய்ய வேண்டியது, உங்கள் அணி வரிசையில் எங்கே நிற்கிறது என்பதை மறந்துவிட்டு, அந்த ஆண்டின் குவாட்டர்பேக்குகளை அவர்களுடைய தகுதியை மட்டும் கொண்டு மதிப்பிடுவதாகும். இது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. இரண்டாம் இடம் கையில் இருக்கிறது என்று தெரிந்தவுடன், அந்த இடத்துக்குத் தக்கவராக ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்று மனம் கற்பனை செய்யத் தொடங்கிவிடும். 2017-இல் சிகாகோ பேர்ஸ் மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறுவதற்காக இரண்டு மூன்றாம் சுற்று உரிமைகளையும் ஒரு நான்காம் சுற்று உரிமையையும் கூடுதலாகக் கொடுத்து மிட்செல் ட்ருபிஸ்கியை எடுத்தது. அவர் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்காகத் தொடக்க வீரராக ஆடியது 13 ஆட்டங்கள் மட்டுமே. அதே டிராஃப்டில் பேட்ரிக் மஹோம்ஸ் பத்தாம் இடத்திலும் டெஷான் வாட்சன் பன்னிரண்டாம் இடத்திலும் போனார்கள்.

கல்லூரியில் எத்தனை ஆட்டங்களைத் தொடங்கினார் என்பது நான் முதலில் பார்க்கும் எண். அனுபவம் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்பதற்காக அல்ல, குறைந்த ஆட்டங்களைக் கொண்டு ஒருவரை மதிப்பிடுபவருக்குத் தவறிழைக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதற்காக. 2021-இல் சான்பிரான்சிஸ்கோ மூன்றாம் இடத்துக்கு ஏறி எடுத்த ட்ரே லான்ஸ் கல்லூரியில் 17 ஆட்டங்களை மட்டுமே தொடங்கியிருந்தார். 2024-இல் வாஷிங்டன் எடுத்த ஜேடன் டேனியல்ஸ் 55 ஆட்டங்களையும், டென்வர் எடுத்த போ நிக்ஸ் 61 ஆட்டங்களையும் தொடங்கியிருந்தார்கள். பின்னிருவரும் முதல் ஆண்டிலேயே தங்கள் அணிகளைப் பிளேஆஃபுக்குக் கொண்டுசென்றனர். ஆயினும் இதை விதியாக்கிவிடக் கூடாது. ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு 2011-இல் முதலிடத்தில் எடுக்கப்பட்ட கேம் நியூட்டன் 2015-இல் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். வயோமிங்கில் ஜோஷ் ஆலன் எறிந்த பந்துகளுள் 56 விழுக்காடே கைசேர்ந்தன. அந்த எண்ணைக் கண்டு அஞ்சியவர்கள் அன்று பலர். அவர் பஃபலோவில் வளர்ந்து 2024-இல் அதே விருதைப் பெற்றார்.

ஆகவே உங்கள் மதிப்பீட்டின் முடிவில் ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். இந்த இளைஞர் குவாட்டர்பேக் என்பதால்தான் முதல் ஐந்து இடங்களுக்குள் வருகிறாரா, அல்லது உங்கள் பட்டியலில் வேறெந்த ஆட்டநிலையினரோடு ஒப்பிட்டாலும் அங்கேதான் நிற்பாரா? இரண்டாவது விடை வந்தால் மேற்கொண்டு கணக்குப் போட வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை, அவரை எடுத்துவிடுங்கள். 2012-இல் ஆண்ட்ரூ லக்கை எடுத்த இண்டியானாபொலிஸ் முந்திய ஆண்டின் 2-14 (இரண்டு வெற்றி, பதினான்கு தோல்வி) என்ற நிலையிலிருந்து 11-5 என்ற நிலைக்கு உயர்ந்தது. 2023-இல் சி.ஜே. ஸ்ட்ரௌட்டை எடுத்த ஹியூஸ்டன் 3-13-1 (கடைசி எண் சமன்) என்பதிலிருந்து 10-7 ஆனது. 2024-இல் வாஷிங்டன் 4-13 என்பதிலிருந்து 12-5 ஆனது. வேறெந்த ஆட்டநிலையில் ஒருவரைச் சேர்த்தாலும் ஓர் அணி ஓராண்டில் இவ்வளவு தூரம் ஏறுவது மிக அரிது. முதல் விடை வந்தால்தான், அதாவது ஐயம் இருந்தால்தான், கீழே உள்ளவற்றைப் படிக்க வேண்டும்.

சம்பளம் மாற்றிவிட்ட கணக்கு

2010-இல் முதலிடத்தில் எடுக்கப்பட்ட குவாட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டு, ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே 50 மில்லியன் டாலர் உறுதி செய்யப்பட்ட ஒப்பந்தத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டு வீரர் சங்கமும் அணி உரிமையாளர்களும் செய்துகொண்ட உடன்பாட்டில் புதுவரவுகளின் சம்பளத்துக்குக் கட்டுப்பாடு வந்தது; அதனால் 2011-இல் முதலிடத்தில் வந்த நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது ஏறத்தாழ 22 மில்லியன். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து முதலிடத்தில் வந்த கேலப் வில்லியம்ஸுக்குக்கூட நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 39.5 மில்லியன்தான். அதே 2024-இல் டல்லாஸின் டாக் பிரெஸ்காட் ஆண்டுக்குச் சராசரி 60 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். அந்த ஆண்டில் ஓர் அணி அத்தனை வீரர்களுக்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 255.4 மில்லியன் என்பதை நினைவில் வையுங்கள். ஒருவருக்குக் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு போகும் இடத்தில், இன்னொருவருக்கு நூற்றுக்கு நான்கு போகிறது.

இந்த வேறுபாட்டின் பயன் என்னவென்றால், நல்ல இளம் குவாட்டர்பேக் ஒருவர் கிடைத்துவிட்டால், அவருடைய முதல் நான்கு ஆண்டுகளில் மிச்சமாகும் பணத்தைக் கொண்டு மீதி அணியைக் கட்டிவிடலாம். குவாட்டர்பேக்கை எடுக்க வேண்டும் என்பவர்களின் மிக வலுவான வாதம் இதுதான். நானும் இதை ஏற்கிறேன். ஆனால் இந்த வாதம் அவர் நன்றாக ஆடினால் மட்டுமே நிற்கும். மோசமாக ஆடும் மலிவான குவாட்டர்பேக்கால் மிச்சமாவது பணம்தான், போவது ஆண்டுகள். முதல் சுற்று வீரரின் ஐந்தாம் ஆண்டை அணியே நீட்டித்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு என்றாலும், அந்த முடிவை அவருடைய மூன்றாம் பருவம் முடிந்த வசந்தத்திலேயே எடுத்துவிட வேண்டும். அப்படியானால் உங்கள் கையில் உண்மையாக இருப்பது மூன்று பருவங்கள் மட்டுமே.

இடத்தின் விலை

1990-களின் தொடக்கத்தில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியின் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் காலத்தில் உருவான ஒரு புள்ளிப் பட்டியல் இன்றும் பேச்சுவார்த்தைகளின் அடிப்படையாக இருக்கிறது. அதில் முதலிடத்துக்கு 3000 புள்ளிகள், இரண்டாம் இடத்துக்கு 2600, ஆறாம் இடத்துக்கு 1600, பத்தாம் இடத்துக்கு 1300, முதல் சுற்றின் கடைசி இடத்துக்கு 590. இப்பட்டியல் மேலிடங்களுக்கு அளவுக்கு மீறிய மதிப்பைக் கொடுக்கிறது என்பதைப் பொருளியலறிஞர்கள் கேட் மாசியும் ரிச்சர்ட் தேலரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாகக் காட்டினார்கள். ஒரே ஆட்டநிலையில் முன்னால் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட மேலானவராக அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 52 விழுக்காடுதான் என்பது அவர்கள் கண்ட எண்களுள் ஒன்று. நாணயத்தைச் சுண்டுவதைவிடச் சற்றே மேல் என்று பொருள். அவர்களுடைய கணக்கு பழைய சம்பள முறையின் காலத்தது. ஆகவே மேலிடங்களின் விலையைப் பற்றி அவர்கள் சொன்னதை அப்படியே இன்றைக்குப் பொருத்தக் கூடாது. ஆயினும் அந்த 52 என்ற எண் சம்பளத்தைச் சார்ந்தது அன்று. மனிதர்களின் முன்கணிப்பு எவ்வளவு பலவீனமானது என்பதைச் சொல்வது அது. 2018-இல் முதல் சுற்றில் எடுக்கப்பட்ட ஐந்து குவாட்டர்பேக்குகளின் வரிசையைப் பாருங்கள். பேக்கர் மேஃபீல்டு முதலிடம், சாம் டார்னால்டு மூன்றாமிடம், ஆலன் ஏழாமிடம், ஜோஷ் ரோசன் பத்தாமிடம், லமார் ஜாக்சன் முப்பத்திரண்டாமிடம். கடைசியாகப் போனவர் இரண்டு முறை மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றுவிட்டார். நான்காவதாகப் போனவரை எடுத்த அணியே அடுத்த ஆண்டு கைவிட்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். ஒரே ஆண்டில் உங்களுக்கு ஏறக்குறைய ஒத்த மதிப்புள்ளவர்களாகத் தோன்றும் மூன்று குவாட்டர்பேக்குகள் இருந்தால், அவர்களுள் முதல்வரை அடைவதற்காக எதையும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். முதலிடம் உங்கள் கையிலேயே இருந்தால், ஓரிரு இடங்கள் இறங்கி அவர்களுள் ஒருவரைப் பெறுவது நல்லது.

அவர் நிற்க இடம் இருக்கிறதா

தோற்ற அணிக்குப் பெரும்பாலும் குவாட்டர்பேக் மட்டும் குறையாக இருப்பதில்லை. 2002-இல் புதிதாகத் தொடங்கிய ஹியூஸ்டன் டெக்சன்ஸ் தன் முதல் டிராஃப்டின் முதலிடத்தில் டேவிட் கார் என்பவரை எடுத்து, அவருக்கு முன்னால் காவலாக நிற்கும் ஐவரைச் சரியாகக் கட்டாமலேயே களத்தில் இறக்கியது. அந்த ஒரு பருவத்தில் அவர் 76 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். அப்படி அடிவாங்கிய இளைஞர் பிறகு காவல் சரியானாலும் பந்தை உரிய நேரத்துக்கு முன்பே எறியக் கற்றுக்கொண்டுவிடுவார் என்பதைப் பல பயிற்சியாளர்கள் சொல்வார்கள். 2020-இல் ஜோ பரோவை எடுத்த சின்சினாட்டியிலும் காவல் பலவீனமாகவே இருந்தது. நவம்பரில் அவர் முழங்கால் தசைநார் கிழிந்தது. அவர் மீண்டு வந்து அடுத்த பருவத்திலேயே இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு அணியைக் கொண்டுசென்றதை அவருடைய மன உறுதியின் கணக்கில் எழுத வேண்டுமே தவிர, அணியின் முன்யோசனையின் கணக்கில் எழுதக் கூடாது.

காவல் இல்லாத அணி குவாட்டர்பேக்கை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எடுத்தபின் உடனே ஆட வைக்காமல் இருக்கும் துணிவு அந்த அணிக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கன்சாஸ் சிட்டியில் மஹோம்ஸ் முதல் பருவம் முழுவதும் அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் அமர்ந்திருந்து ஒரே ஓர் ஆட்டத்தைத் தொடங்கினார். அந்தப் பொறுமைக்குக் காரணம், அவரை எடுத்த பயிற்சியாளருக்குத் தன் வேலையைப் பற்றிய கவலை இல்லாதிருந்ததுதான். இந்தக் கடைசிச் செய்தியை ரசிகர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒப்பந்தத்தில் ஒரே ஆண்டு மீதமிருக்கும் பயிற்சியாளரிடம் இளம் குவாட்டர்பேக்கைக் கொடுத்தால், அவர் இளைஞரின் வளர்ச்சியைவிட அடுத்த ஞாயிற்றுக்கிழமையின் வெற்றியையே நாடுவார். அவர் நீக்கப்பட்டதும் வருபவர் வேறொரு முறையைக் கற்பிப்பார். 2023-இல் கரோலினா பேந்தர்ஸ் பிரைஸ் யங்கை எடுத்து, பதினொரு ஆட்டங்களிலேயே தலைமைப் பயிற்சியாளரை நீக்கியது. அந்த இளைஞருக்குத் துணையாக இருந்திருக்கக்கூடிய டி.ஜே. மூர் என்ற சிறந்த பந்துபிடிப்பாளரையும், அவரை எடுப்பதற்கான விலையின் பகுதியாக முன்பே சிகாகோவுக்குக் கொடுத்திருந்தது. அந்தப் பருவம் 2-15 என்று முடிந்தது.

பின்னிறங்குவதானால்

எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பதற்கு எளிய முறை ஒன்று உண்டு. குவாட்டர்பேக்குகளைத் தவிர்த்து, உங்கள் பட்டியலில் ஒத்த மதிப்புள்ள வீரர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். உங்களுக்கு முன்னால் நிற்கும் அணிகளுள் எத்தனை அணிகள் குவாட்டர்பேக்கை எடுக்கும் என்று மதிப்பிடுங்கள். அந்த இடங்கள் உங்கள் பட்டியலைத் தொடாதவை. இவ்விரண்டையும் கூட்டினால் எந்த இடம் வரை இறங்கினாலும் உங்கள் பட்டியலிலிருந்து ஒருவர் கிடைப்பார் என்பது தெரிந்துவிடும். 2018-இல் இண்டியானாபொலிஸ் செய்தது இதுதான். லக் இருந்ததால் அதற்குக் குவாட்டர்பேக் தேவையில்லை. மூன்றாம் இடத்தை நியூயார்க் ஜெட்ஸுக்குக் கொடுத்து, ஆறாம் இடத்தையும் மூன்று இரண்டாம் சுற்று உரிமைகளையும் பெற்று, ஆறாம் இடத்தில் குவெண்டன் நெல்சன் என்ற அற்புதமான காவல் வீரரை எடுத்தது. ஜெட்ஸ் எடுத்த டார்னால்டு அங்கே மூன்றே பருவங்கள் இருந்தார். பின்னிறங்குதலுக்கு இதைவிடத் தூய்மையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆயினும் 2019 ஆகஸ்டில் லக் திடீரென்று ஓய்வு பெற்றதும் அந்த அணி ஆண்டுக்கொரு மூத்த குவாட்டர்பேக்கைக் கொண்டுவந்து இறக்க நேர்ந்தது. ஜெட்ஸிடமிருந்து பெற்ற எந்த வீரராலும் அந்த வெற்றிடத்தை நிரப்ப முடியவில்லை.

வாங்கும் அணி யார் என்பது விலையைவிட முக்கியமானது. எதிர்கால முதல் சுற்று உரிமையைப் பேச்சுவார்த்தையில் ஒரு சுற்று தாழ்த்தி, அடுத்த ஆண்டின் முதல் சுற்றை இவ்வாண்டின் இரண்டாம் சுற்றாக மதிப்பிடுவது வழக்கம். பொறுத்திருக்கக்கூடிய விற்பனையாளருக்கு இந்த வழக்கம் பெரிய ஆதாயம். ஆனால் வாங்குபவர் பலவீனமான அணியாக இருந்தால் மட்டுமே. 2023-இல் கரோலினாவிடமிருந்து சிகாகோ பெற்ற அடுத்த ஆண்டு உரிமை, கரோலினாவின் 2-15 பருவத்தால் 2024-இன் முதலிடமாகவே மாறியது. அதைக் கொண்டுதான் சிகாகோ கேலப் வில்லியம்ஸை எடுத்தது. இதற்கு மாறாக, 2021-இல் லான்ஸுக்காக சான்பிரான்சிஸ்கோ மயாமிக்குக் கொடுத்த இரண்டு எதிர்கால முதல் சுற்று உரிமைகளும் 29-ஆம் இடத்திலேயே விழுந்தன. சான்பிரான்சிஸ்கோ நல்ல அணி. லான்ஸ் சோபிக்காதபோதும் வேறு வழியில் வென்றுகொண்டிருந்தது. தவிப்பவர் எவரும் விலை கொடுப்பார். ஆனால் தவிப்பவர் பலவீனராகவும் இருந்தால்தான் அந்த விலை வளரும்.

அடுத்த ஆண்டு இதைவிடச் சிறந்த குவாட்டர்பேக்குகள் வருகிறார்கள் என்ற பேச்சை நம்பி இறங்காதீர்கள். 2021-இல் முதல் பதினைந்து இடங்களில் ஐந்து குவாட்டர்பேக்குகள் போனார்கள். 2022-இல் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர் ஒரே ஒருவர். அதுவும் இருபதாம் இடத்தில். 2021-இல் எட்டாம் இடத்தில் நின்று, அப்போது மீதமிருந்த குவாட்டர்பேக்குகளை விட்டுவிட்டு வேறோர் ஆட்டநிலையினரை எடுத்த அணி எது தெரியுமா? இரண்டு ஆண்டுகள் கழித்து முதலிடத்துக்காக மூரையும் நான்கு உரிமைகளையும் கொடுத்த அதே கரோலினாதான்.

விற்றவர் வாங்க வந்த கதை

இந்தக் கேள்வியில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் பரிமாற்றம் 2012-இல் நடந்தது. அப்போது செயின்ட் லூயிஸில் இருந்த ராம்ஸ் அணியிடம் இரண்டாம் இடம் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதலிடத்தில் எடுத்த பிராட்ஃபோர்டும் இருந்தார். வாஷிங்டனுக்கு ராபர்ட் கிரிஃபின் வேண்டும். ஆறாம் இடம், 39-ஆம் இடம், 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகள் என்று விலை முடிந்தது. மேலே சொன்ன புள்ளிப் பட்டியலின்படி ராம்ஸ் கொடுத்தது 2600. உடனே பெற்றது 1600-உம் 510-உம் சேர்ந்து 2110. எஞ்சிய 490 புள்ளிகளுக்காக இரண்டு எதிர்கால முதல் சுற்றுகள் வந்தன. கிரிஃபின் முதல் பருவத்தில் மின்னலாக ஆடி, ஆண்டின் சிறந்த புதுவரவாகி, வாஷிங்டனைப் பிரிவின் முதலிடத்துக்குக் கொண்டுசென்று, பிளேஆஃபில் முழங்கால் கிழிந்து வீழ்ந்தார். அதன்பின் அவர் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ராம்ஸுக்கு வந்த இரண்டு உரிமைகளும் முதலில் 22-ஆம் இடத்திலும், அடுத்த ஆண்டு வாஷிங்டன் சரிந்ததால் இரண்டாம் இடத்திலும் அமைந்தன. பட்டியலில் அவற்றின் மதிப்பு 780-உம் 2600-உம். 490 புள்ளிக் கடன் 3380 புள்ளிகளாகத் திரும்பி வந்தது என்றால், பரிமாற்றத்தில் வென்றவர் யார் என்பதில் ஐயமே இல்லை. 2014 டிசம்பரில் இரு அணிகளும் மோதியபோது, அந்தப் பரிமாற்றத்தால் கிடைத்தவர்களுள் ஆறு வீரர்களை ராம்ஸ் தலைவர்களாக நாணயச் சுண்டலுக்கு அனுப்பி, 24-0 என்று வென்றது.

ஆனால் 2012 முதல் 2016 வரையான ஐந்து பருவங்களில் ஒன்றில்கூட ராம்ஸ் தோல்விகளைவிடக் கூடுதலான வெற்றிகளைப் பெறவில்லை. பிராட்ஃபோர்டின் முழங்கால் 2013-இலும் 2014-இலும் அடுத்தடுத்துக் கிழிந்தது. 2014-இல் இரண்டாம் இடத்தில் எடுக்கப்பட்ட காவல் வீரர் கிரெக் ராபின்சன் எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. அந்த ஆண்டு ராம்ஸ் எடுத்தவர்களுள் மிகச் சிறந்தவர், தன் சொந்த உரிமையில் 13-ஆம் இடத்தில் வந்த ஆரன் டொனால்டு. இறுதியில் 2016-இல், லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்த அதே ராம்ஸ், டென்னசியிடமிருந்து முதலிடத்தை வாங்குவதற்கு இரண்டு முதல் சுற்றுகளையும் இரண்டு இரண்டாம் சுற்றுகளையும் இரண்டு மூன்றாம் சுற்றுகளையும் கொடுத்து ஜாரெட் காஃபை எடுத்தது. 2012-இல் விற்றவரே 2016-இல் வாங்குபவராக வந்து நின்றார். 2021-இல் காஃபையும் இன்னும் இரண்டு முதல் சுற்றுகளையும் ஒரு மூன்றாம் சுற்றையும் கொடுத்து மேத்யூ ஸ்டாஃபோர்டைக் கொண்டுவந்தபின்பே சூப்பர் பௌல் கிடைத்தது.

கிளீவ்லேண்ட் பிரௌன்ஸின் கதை இதைவிடக் கடுமையானது. 2016-இல் இரண்டாம் இடத்தையும் 2017-இல் பன்னிரண்டாம் இடத்தையும் அது விற்றது. அந்த இடங்களில் பிலடெல்பியா கார்சன் வென்ட்ஸையும் ஹியூஸ்டன் வாட்சனையும் எடுத்தன. உரிமைகள் குவிந்தன, களத்தில் 1-15, அதன்பின் 0-16. 2022-இல் அதே வாட்சனைக் கொண்டுவருவதற்காக மூன்று முதல் சுற்றுகளையும் முழுவதும் உறுதி செய்யப்பட்ட 230 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தையும் கிளீவ்லேண்ட் கொடுத்தது.

இவ்விரு அணிகளும் பின்னிறங்கியது தவறு என்று நான் கருதவில்லை. பின்னிறங்கியதோடு கேள்வி தீர்ந்துவிட்டது என்று எண்ணியதே தவறு. குவாட்டர்பேக் இல்லாத அணி தன் இடத்தை விற்கும்போது தேவையைத் தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போட்ட தேவைக்கு வட்டி ஏறும். ஆகவே இறங்க முடிவெடுத்தால், எந்த ஆண்டுக்குள், எந்த வழியில் குவாட்டர்பேக்கைப் பெறுவீர்கள் என்பதையும் அதே நாளில் எழுதிவையுங்கள். அந்த நாள் வரும்போது ஏறுவதற்கு வேண்டிய உரிமைகளில் இரண்டையாவது செலவழிக்காமல் கையில் வையுங்கள். ஐயத்தோடு ஒருவரை எடுப்பதைவிட நாளைக் குறித்துக்கொண்டு இறங்குவது மேல் என்பது என் உறுதியான கருத்து. நாளைக் குறிக்காமல் இறங்குவது இரண்டையும்விடக் கீழானது.

டிராஃப்ட் இரவுக்கு முன்னால்

இறங்குவதற்கான மிகக் குறைந்த விலையை டிராஃப்டுக்கு ஒரு வாரம் முன்பே தாளில் எழுதி, உரிமையாளர், பொது மேலாளர், பயிற்சியாளர் மூவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது தொலைபேசியில் வரும் விலை எப்போதும் உண்மையைவிடப் பெரியதாகவோ சிறியதாகவோ தோன்றும். முதலிரண்டு இடங்களில் நிற்பவர் மார்ச் மாதத்திலேயே விற்றுவிடுவது நல்லது. 2012, 2023 ஆகிய ஆண்டுகளின் பெரிய பரிமாற்றங்கள் இரண்டும் மார்ச்சில்தான் முடிந்தன. வாங்குபவர் தான் விரும்பும் வீரரைப் பற்றிக் கனவு காணத் தொடங்கி, மருத்துவப் பரிசோதனைகளிலும் நேர்காணல்களிலும் குறைகளைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் இருக்கும் காலம் அது. ஐந்து முதல் பத்து வரையான இடங்களில் நிற்பவர் மாறாக அந்த இரவு வரை காத்திருக்க வேண்டும். அங்கே விலையை ஏற்றுவது, எதிர்பாராமல் கீழே வந்துவிட்ட ஒரு வீரர்தான்.

2017-இல் பஃபலோ அப்படித்தான் பத்தாம் இடத்தில் காத்திருந்தது. அந்த இரவில் கன்சாஸ் சிட்டி 27-ஆம் இடத்தையும் ஒரு மூன்றாம் சுற்றையும் அடுத்த ஆண்டின் முதல் சுற்றையும் கொடுத்து மேலேறியது. 27-ஆம் இடத்தில் பஃபலோ எடுத்த டிரெடேவியஸ் ஒயிட் சிறந்த தடுப்பு வீரரானார். அந்தப் பருவத்திலேயே 1999-க்குப் பிறகு முதன்முறையாக அணி பிளேஆஃபுக்குப் போனது. உரிமைகளைச் சேர்த்துவைத்த நிர்வாகம் அடுத்த வசந்தத்திலேயே, ஒரு காவல் வீரரைக் கொடுத்து 21-லிருந்து 12-க்கும், பிறகு இரண்டு இரண்டாம் சுற்றுகளைச் சேர்த்துக் கொடுத்து 12-லிருந்து ஏழுக்கும் ஏறி ஜோஷ் ஆலனை எடுத்தது. பின்னிறங்கி, குறித்த காலத்தில் மேலேறி, குவாட்டர்பேக்கையும் பெற்ற அணிக்கு நான் காட்டக்கூடிய மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இதுதான். அந்தப் பஃபலோ 2020, 2021, 2023, 2024 ஆகிய நான்கு பருவங்களிலும் பிளேஆஃபில் தோற்று வெளியேறியது கன்சாஸ் சிட்டியிடம். நான்கு முறையும் எதிரே நின்று பந்தை எறிந்தவர், அந்தப் பத்தாம் இடத்தில் எடுக்கப்பட்ட மஹோம்ஸ்.